அணைத்து வைத்த சுவிட்சும் நாலு மடங்கு விசுவாசமும்

அண்ணன் பெற்று, நான் தோளில் தூக்கி வளர்த்த அன்பு மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் கடையின் நீராவிக் கொதிகலனும் சூடு ஆறாமல் நலம். அங்கே நீயும் உன் மடிக்கணினியும் சார்ஜ் இறங்காமல் நலமாக இருக்க வேண்டும். உன் அப்பா சென்ற மாதம் சலவைக்குப் போட்ட கோட்டின் பையில் மூக்குக் கண்ணாடியையும் சேர்த்தே போட்டுவிட்டார் என்றும், அது இப்போது முன்னெப்போதையும்விடச் சுத்தமாக, ஆனால் இரண்டாக, இருக்கிறது என்றும் அவரிடம் பக்குவமாகச் சொல்லவும்.

நிற்க. "சித்தப்பா, உங்க சலவைக்கடையில அந்தப் பழைய சுவிட்சைச் சில பேருக்கு மட்டும் ஏன் அணைச்சே வெச்சிருக்கீங்க? காரணத்தை எழுத்துல குடுங்க. வெள்ளிக்கிழமை கூட்டத்துல நான் படிச்சுக் காட்டணும். உங்க ஒரு கடையாலதான் என் வேலை மொத்தமும் நிக்குது" என்று போனில் கேட்டாய் அல்லவா? எழுத்தில் என்றதும் உன் சித்தப்பா பின்வாங்குவான் என்று நினைத்தாயா? எட்டாம் வகுப்பில் பாதி வரை படித்தவன் நான். மீதிப் பாதிக்கு வரவேண்டாம் என்று தலைமையாசிரியரே வீடு தேடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "இதுக்கு மேல இவனுக்குச் சொல்லிக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணும் இல்லைங்க" என்று அவர் சொன்னதை உன் தாத்தா வேறு விதமாகப் புரிந்துகொண்டு கையில் எதையோ எடுத்தது தனிக்கதை. கூட்டத்தில் இருக்கும் பெரிய மனிதர்களுக்கு முன்கதை தெரியாது. ஆகவே அடியிலிருந்தே தொடங்குகிறேன். அவர்களைச் சாய்ந்து உட்காரச் சொல்.

ஐயாமாரே, அம்மாமாரே, உங்கள் கம்பெனி சின்னக் கடைகளுக்கென்று ஒரு செயலி நடத்துகிறது. சலவைக்காரர், தையல்காரர், செருப்புத் தைப்பவர், கடிகாரம் பழுது பார்ப்பவர் எல்லோரும் வந்த சாமானையும் போன சாமானையும் அதில்தான் ஏற்றுகிறோம். என் அண்ணன் மகள் உங்களிடம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் என் கடைக்கு ஓடி வந்தாள். "சித்தப்பா, புதுசா ஒரு வசதி செஞ்சிருக்கோம். இன்னும் யாருக்கும் குடுக்கலை. உங்க கடையில போட்டுப் பாக்கவா? ஏடாகூடமா ஆச்சுன்னா நீங்க திட்ட மாட்டீங்க" என்றாள். நான் திட்டமாட்டேன் என்பது உண்மையல்ல, ஆனால் அந்த நம்பிக்கைக்காகவே ஒத்துக்கொண்டேன். வசதியின் பெயர் 'துணி தயார்'. நான் துணியை இஸ்திரி போட்டு, உறை மாட்டி, கம்பியில் தொங்கவிட்டு, திரையில் 'தயார்' என்பதை அழுத்தினால், துணிக்காரரின் போனில் 'டிங்' என்று ஒரு சத்தம், கூடவே அவருடைய சட்டையின் படம். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அது அவ்வளவுதானா? உலகத்தின் முதல் 'துணி தயார்' செய்தி கிளம்பியது என் கடையிலிருந்துதான். (உலகம் என்று இவள் சொல்லவில்லை, "எங்க கம்பெனியில முதல்" என்றுதான் சொன்னாள். நான் கொஞ்சம் தண்ணீர் தெளித்து விரித்திருக்கிறேன்.) தெருவே திரண்டு வந்தது. பத்திரிகைக்காரர்கள் ஏழு பேர் வந்தார்கள். அதில் ஆறு பேரை நான் பார்க்கவில்லை, ஏழாமவர் தன் கால்சட்டையை வாங்க வந்தார். சொந்தச் சட்டையின் படத்தைச் சொந்தப் போனில் பார்த்த பக்கத்துக் கடைத் தையல்காரர், "இவ்வளவு நல்ல சட்டையா என்னுது?" என்று கண்கலங்கினார். அவரே தைத்த சட்டைதான்.

புது வசதி ஆயிற்றே, எல்லோருக்கும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் ஆபத்து என்று ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குட்டி சுவிட்ச் வைத்துக் கொடுத்தாள். தள்ளினால் அவருக்குச் செய்தி போகும், இழுத்தால் போகாது. மகளே, அந்தச் சுவிட்ச் வந்த நாளில்தான் நான் கடைக்காரன் என்ற நிலையிலிருந்து அதிகாரி என்ற நிலைக்கு உயர்ந்தேன். தெருவில் என் பழைய பெயரே மறந்துபோய் 'சுவிட்ச் சித்தப்பா' என்று ஆகிவிட்டது. எனக்கு அண்ணன் முறை ஆகிறவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்புறம் காலம் போயிற்று. அந்த வசதி என் கடையிலிருந்து தையல்கடைக்குப் போனது, அங்கிருந்து செருப்புக்கடைக்கு, அங்கிருந்து ஊருக்கெல்லாம். இப்போது பூனைக்கு முடி வெட்டுகிற கடையிலிருந்துகூட 'பூனை தயார்' என்று படம் வருகிறது. என் கடைக்கு வருகிறவர்கள் யாரும் அசருவதில்லை. 'டிங்' என்றால் போனை எடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் வருத்தம் இருந்தது என்று நினைக்காதே. துணியோடு பழகியவனுக்கு இது தெரிந்த கதைதான். புதுச் சட்டையை முதலில் கல்யாணத்துக்குப் போடுகிறோம். பிறகு வேலைக்கு. காலர் தேய்ந்தால் வீட்டுக்கு. அப்புறம் அடுப்படியில் கரித்துணி. ஒரு வீட்டில் மிக அதிகமாக உழைக்கிற துணி எது? கரித்துணிதான். ஆனால் அதைப் பார்த்து யாராவது "ஆகா" என்று சொன்னது உண்டா? எல்லா வசதியும் கடைசியில் கரித்துணி ஆகவேண்டியதுதான், அதுதான் அதற்கு மோட்சம் என்று நான் உனக்குப் போனில் சொன்னேன். நீ அதை அப்படியே எடுத்துப் போய்க் கூட்டத்தில் சொல்லி, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். (நீ "ரெண்டு பேரு சிரிச்சாங்க" என்றுதான் சொன்னாய். உன் அடக்கம் எனக்குத் தெரியும்.)

ஆனால் அதே பேச்சை வைத்தே நீ என்னை மடக்கினாய் பார், அங்கேதான் நம் வீட்டு ரத்தம் பேசுகிறது. "சரி சித்தப்பா, கரித்துணி ஆயிடுச்சுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. கரித்துணிக்கு எதுக்குப் பொத்தான்? அந்தச் சுவிட்சை எடுத்துடலாம்" என்றாய். "இருந்துட்டுப் போகட்டுமே, சோறா கேக்குது?" என்றேன். "கேக்குதே! ஒரு சுவிட்ச் இருந்தா உள்ளே ரெண்டு வழி இருக்கு. போட்டா ஒரு வழி, அணைச்சா ஒரு வழி. புதுசா எது செஞ்சாலும் ரெண்டு வழியிலயும் சோதிச்சுப் பாக்கணும். இந்த மாதிரிப் பழைய சுவிட்ச் நூத்துக்கணக்குல கிடக்கு. ஒவ்வொண்ணா எடுக்கறதுதான் எனக்குக் குடுத்திருக்கற வேலை. எல்லாக் கடையும் கைவிட்டாச்சு. ஊர்ல நீங்க ஒருத்தர்தான் இன்னும் அதைத் தட்டிக்கிட்டே இருக்கீங்க" என்றாய். ஊரில் நான் ஒருவன்தான் என்று நீ சொன்னது திட்டு. எனக்கு அது பட்டம் மாதிரி கேட்டது. அன்று உன் சித்தியிடம் அதை மூன்று தடவை சொன்னேன்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். யார் யாருக்கு அணைத்து வைத்திருக்கிறேன்? நீ என்ன நினைத்தாய், எனக்குப் பிடிக்காதவர்களுக்கு என்றா? தலைகீழ். பிடிக்காதவர்களுக்குத்தான் போட்டு வைத்திருக்கிறேன்! உதாரணத்துக்கு எதிர்வீட்டு வக்கீல். கறுப்பு அங்கியை நீட்டும்போதே, "இந்த மடிப்பு போன தடவை அரை அங்குலம் தள்ளி இருந்துச்சு, கவனிச்சீங்களா?" என்று குறுக்கு விசாரணை ஆரம்பிப்பார். அவருக்குச் செய்தி போகாவிட்டால் என்ன ஆகும்? "ஆச்சா, ஆச்சா" என்று நாலு தடவை வருவார். நாலு விசாரணை. செய்தி போனால் ஒரே தடவை வந்து, வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆகவே வக்கீலுக்கு என் கடையில் செய்தி முதல் தரத்தில் போகும். துணி காய்வதற்குள்ளேகூட அனுப்பியிருக்கிறேன்.

பிடித்தவர்கள் விஷயம் வேறு. நம் ரயிலண்ணன் இருக்கிறாரே, முப்பது வருஷம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவர் வாசலில் நுழைந்தால் கடையே ஒரு நிலையத்தை விட்டுக் கிளம்புகிற மாதிரி இருக்கும். அவருக்குச் செய்தி போனால் ஒரே தடவையோடு காரியம் முடிந்துவிடும். போகாவிட்டால்? காலையில் வருவார். "ஆச்சாப்பா?" "இன்னும் இல்லைண்ணே, உக்காருங்க." சாயங்காலம் வருவார். "ஆச்சா?" "சட்டை கம்பியில ஏறிடுச்சு, கோட்டு இன்னும் காயுது." அடுத்த நாள் மறுபடி. அதேபோல் பூகோள டீச்சர். பள்ளிக்கூடத்தில் உலகப் படத்தைக் கோலால் தட்டித் தட்டி ஓய்வு பெற்றவர். எட்டாம் வகுப்பின் மீதிப் பாதியை எனக்குத் தவணை முறையில் நடத்திக்கொண்டிருப்பவர் அவர்தான். இவர்கள் இருவருக்கும் சுவிட்ச் வந்த நாளிலிருந்தே அது அணைந்துதான் கிடக்கிறது. முதலில் ரயிலண்ணன், "மத்தவங்களுக்கெல்லாம் செய்தி வருது, எனக்கு மட்டும் ஏன்பா வரலை?" என்று சண்டைக்கு வந்தார். "உங்க போன் பழசுண்ணே" என்றேன். போய்ப் புதுப் போன் வாங்கி வந்தார். "இது ரொம்பப் புதுசுண்ணே" என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை. மனுஷன் அவ்வளவு நம்பிக்கையானவர்.

இதன் பலனை நீயே உன் கணக்கில் பார்த்தாய். யார் வாசல் மிதித்தாலும் 'வருகை' என்று அழுத்தச் சொன்னது நீதானே? நான் ஒன்று விடாமல் அழுத்தினேன். ரயிலண்ணன் இப்போதெல்லாம் ஒரே ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்து இஸ்திரிக்குக் கொடுக்கிறார். மறுநாள் இன்னொரு கைக்குட்டை. டீச்சர் கொண்டுவருகிற சால்வையை மோந்து பார்த்தால் நான் போன வாரம் போட்ட சோப்பு வாசனையே இன்னும் போகவில்லை, அதைத் துவைத்தே ஆகவேண்டும் என்கிறார். சுவிட்சை அணைத்தால் துணிக்குக்கூடச் சீக்கிரம் அழுக்குப் பிடிக்கிறது என்பது என் கண்டுபிடிப்பு.

இந்தக் கணக்குதான் உன் மேலாளர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. ஊரெல்லாம் ஒரு மாதிரி இருக்க, ஒரே ஒரு சலவைக்கடையில் மட்டும் செய்தி அணைத்து வைத்த வாடிக்கையாளர்கள் நாலு மடங்கு அதிகமாக வருகிறார்கள் என்று அவருக்கு ஒரு படம் கிடைத்ததாம், கோடு ஒன்று ஏணி மாதிரி மேலே ஏறுகிற படம். உடனே என்னோடு காணொளியில் பேச ஆசைப்பட்டார். நீ முன்கூட்டியே எச்சரித்தாய், நான் மறுக்கவில்லை. "சித்தப்பா, உண்மையை மட்டும் சுருக்கமா சொல்லுங்க. 'சும்மா பேச ஆள் வேணும்னு அணைச்சு வெச்சேன்'னு ஒரு வரி. அது போதும், நான் சுவிட்சை எடுத்துடுவேன்" என்றாய். நானும் அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். ஆனால் திரையில் அவர் வந்து, "சார், உங்க கடை எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். எப்படி சார் இதைக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டார். மகளே, நீயே நியாயம் சொல். அறுபது வயதில் ஒரு மனிதனைப் பார்த்து இன்னொரு மனிதன் "எப்படிக் கண்டுபிடிச்சீங்க" என்று கேட்டால், அவன் "சும்மா" என்று எப்படிச் சொல்வான்? "இது என் வாழ்நாள் ஆராய்ச்சி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "எதிர்பார்ப்புத் தத்துவம்" என்று ஒரு பெயரும் வைத்தேன். நீராவி, மனித மனம் இரண்டையும் மூடி வைத்தால்தான் அழுத்தம் கூடும் என்று கொதிகலனைத் தட்டிக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்கிறவரைப் பார்த்தால் எனக்கு நிறுத்த வராது. வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து என் கடை வாசலில் மூன்று நாள் தங்கிப் படித்துவிட்டுப் போனார் என்றும் சொன்னேன். (அவர் மழைக்கு ஒதுங்கினார். மழை விடவில்லை.)

அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். ஹலோகூட இல்லை. "என்ன சொன்னீங்க அவர்கிட்ட?" என்றாய். "நல்லதாத்தான் சொன்னேன்" என்றேன். "நான் ஒரு சுவிட்சை எடுக்கப் போனேன் சித்தப்பா, அவர் இப்ப ரெண்டாவது சுவிட்ச் வைக்கச் சொல்றார்! 'அறிவிக்காமை'ன்னு புது வசதியாம். துணி ரெடி ஆனாலும் சொல்லாம இருக்கறது. அதை முதல்ல தேர்ந்தெடுத்த கடைகளுக்கு மட்டும் குடுக்கணுமாம். ஏழு வருஷம் பாடுபட்டு எல்லாருக்கும் சொல்ற வசதியைக் கொண்டு வந்தோம், இப்ப சொல்லாம இருக்கறதுக்கு ஒரு குழு போடறாங்க! வெள்ளிக்கிழமைக்குள்ள நான் இதை நிறுத்தலைன்னா என் வேலையை எடுத்து அந்தக் குழுகிட்ட குடுத்துடுவாங்க" என்றாய். எனக்குப் பகீரென்றது. ஆனால் உள்ளே ஓரமாக, நம் கண்டுபிடிப்புக்கு ஒரு குழுவே போடுகிறார்களே என்றும் ஒரு குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சியை உன்னிடம் சொல்லவில்லை.

"ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் எல்லாருக்கும் போட்டுப் பாருங்க சித்தப்பா. ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும்" என்று கெஞ்சினாய். பெற்ற மகள் மாதிரி கேட்கிறாயே என்று மறுநாள் காலை கடை திறந்ததும் எல்லா சுவிட்சையும் போட்டேன். போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் எதையும் அரைகுறையாகச் செய்பவன் இல்லை. எட்டாம் வகுப்பைத் தவிர. பின்கட்டில் யாரும் வாங்க வராமல் வருஷக்கணக்காகத் தொங்குகிற துணிகள் இருக்கின்றனவே, அவற்றுக்கும் விடிவு பிறக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 'தயார்' அழுத்திவிட்டேன். அவ்வளவுதான் தெரியும். ஒரு மணி நேரத்தில் வாசலில் திருவிழாக் கூட்டம். ஒருவர் தன் பழைய மாப்பிள்ளைக் கோட்டை வாங்க வந்தார். கூடவே அவர் மனைவி வந்தார், போனில் வந்த படத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. "நம்ம கல்யாணத்துல நீங்க நீலக் கோட்டுதானே போட்டிருந்தீங்க? இது எந்தக் கல்யாணத்துக் கோட்டு?" அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வையை நான் கொதிகலனுக்குப் பின்னால் நின்று வாங்கிக்கொண்டேன். ஒரே சாம்பல் நிறக் கால்சட்டைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினார்கள். போட்டுப் பாருங்கள் என்றேன். ஒருவருக்கு முட்டி தாண்டி ஏறவில்லை, இன்னொருவருக்கு இடுப்பில் நிற்கவில்லை, அந்த நேரம் தபால் கொடுக்க வந்தவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. வங்கியில் யாரோடும் பேசாமல் தலை குனிந்து வேலை செய்கிற அதிகாரி ஒருவருக்கு, அவருடைய கரடி வேஷ உடுப்பின் படம், அவர் கூட்டத்தில் பெரிய திரையோடு போனை இணைத்து வைத்திருந்தபோது போய்ச் சேர்ந்ததாம். குழந்தைகள் பிறந்தநாளுக்குக் கரடியாகப் போகிறவர் என்பது அன்றுதான் வங்கிக்குத் தெரிந்தது. இப்போது வங்கி மேலாளர் வீட்டுப் பிறந்தநாளுக்கும் அவர்தான் கரடி, சம்பள உயர்வுகூட வரலாம் என்கிறார்கள், அந்த ஒரு காரியம் நன்மையில் முடிந்தது.

உன் சித்தி ஒரு கையில் கம்பிக் கொக்கியும் மறு கையில் நம்பர் சீட்டுமாக, "இந்த மனுஷன் ஒரு சுவிட்சைத் தொட்டாரு, ஊரே கடைக்குள்ள விழுந்துடுச்சு!" என்று கத்த, ரயிலண்ணன் எங்கிருந்தோ வந்து ஒரு துண்டை எடுத்துப் பச்சைக் கொடியாக ஆட்டி, "வழி விடுங்க, இறங்கறவங்க முதல்ல, ஏறறவங்க அப்புறம்" என்று கூட்டத்தைப் பிரித்து அனுப்பியிருக்காவிட்டால் கடை மிஞ்சியிருக்காது. மதியமே ரயிலண்ணனுக்கும் டீச்சருக்கும் சுவிட்சை மறுபடி அணைத்துவிட்டேன். எல்லோருக்கும் செய்தி போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கூட்டம் கலைந்தபின் உன் சித்தி தையலூசியால் குத்துகிற மாதிரி ஒன்று சொன்னாள். "அந்தப் பொண்ணு சின்னதுல உங்க மடியில உக்காந்து உங்க வாயைப் பாத்துக் கதை கேட்டுச்சு. இப்ப அதே வாயாலதான் அதுக்கு வேலை போகப் போகுது. குடுத்துடுங்க அந்தச் சுவிட்சை." சட்டைக் கையை மூன்று தடவை இஸ்திரி போட்டேன், அது ஏற்கனவே நேராகத்தான் இருந்தது.

மகளே, மறைக்காமல் சொல்கிறேன். நீ ஜெயிக்க வேண்டும் என்பதில் உன்னைவிட எனக்குத்தான் ஆசை. ஆனால் யோசித்துப் பார். நாள் முழுக்க நீராவிக்குள் நிற்கிறேன். வருகிறவர்கள் போனைக் காட்டுகிறார்கள், துணியை வாங்குகிறார்கள், காதில் எதையோ மாட்டிக்கொண்டு போகிறார்கள். "ஆச்சா?" என்று வாயைத் திறந்து கேட்கிறவர்கள் இந்த இரண்டு பேர்தான். அவர்களுக்கும் 'டிங்' என்று போய்விட்டால், வருவார்கள், வாங்குவார்கள், போவார்கள். பிறகு நான் யாரிடம் பேசுவேன்? வக்கீலிடமா? ஆகவே நன்றாக ஆலோசித்து, கனத்த மனதோடும் நேரான முதுகோடும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், சுவிட்சைக் கொடுக்க இயலாது. உங்கள் செயலியில் என் கடைக்கு மட்டும் அதை ஒரு மூலையில் விட்டுவைக்கவும். நூறு பழைய சுவிட்சை எடுத்தவளுக்கு ஒன்றை விட்டால் என்ன? கேட்டால், நினைவுச் சின்னம் என்று சொல்லிவிடு. உன் மேலாளர் வேண்டுமானால் மாலை போடட்டும். கூட்டத்தில் இதைப் படிக்கும்போது வக்கீல் பற்றிய பகுதியை மட்டும் விழுங்கிவிடவும், அவருக்கு எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறது.

உன் வேலையில் கறை படியாமலும், பெயரில் சுருக்கம் விழாமலும், எந்தச் சூட்டிலும் சாயம் போகாமலும் நீ நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். உன் சித்தியும் ஆசீர்வதிக்கிறாள், ஆனால் என் பக்கம் திரும்பாமல். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
சுவிட்சைப் பிரிய மனமில்லாத
உன் சித்தப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாவற்றையும் மடித்து ஓரமாக வை. உறையை ஒட்ட நாக்கை நீட்டியபோதுதான் இது நடந்தது. ரயிலண்ணனின் கம்பளிக் கோட்டு முடிந்திருந்தது, உறை மாட்டித் தொங்கவிட்டு 'தயார்' அழுத்தினேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது, இந்தக் கண்ணால் பார்த்தேன். அவரும் டீச்சரும் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சட்டைப்பையில் 'டிங்' என்றது.

"என்னண்ணே சத்தம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. மழை வரும்னு செய்தி."

"படத்துல கோட்டு தெரியுதே?"

மனிதர் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சால்வையைச் சரிசெய்துகொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு டீச்சரே, "இனிமே மறைச்சு என்ன பண்றது? ஒரு வருஷமா ரெண்டு பேருக்கும் வந்துக்கிட்டுதான் இருக்கு. போன வாரம் நான் போட்ட வெள்ளைப் புடவையோட படம்கூட எனக்கு வந்துச்சு. நல்லா தெளிவா இருந்துச்சு" என்றார்.

ஊருக்கெல்லாம் அந்த வசதியைத் திறந்துவிட்டபோது உங்கள் ஆட்கள் கம்பியை அறுத்துவிட்டு, சுவிட்சை மட்டும் சுவரிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள் மகளே! ஒரு வருஷமாக நான் காற்றைத்தான் அணைத்துக்கொண்டிருந்தேன். உன் மேலாளரின் ஏணிக் கோடும் அந்தக் காற்றில் ஏறியதுதான்.

"அப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே தினமும் வந்து 'ஆச்சா, ஆச்சா'ன்னு கேட்டீங்களா?" என்றேன். எனக்குக் கோபம் வந்ததா வேறென்ன வந்ததா என்று தெரியவில்லை, கண்ணில் நீராவி பட்டிருந்தது.

"மெசேஜ்ல 'துணி தயார்'னு மட்டும்தானேப்பா வருது?" என்றார் ரயிலண்ணன். "நீ விடற கதை அதுல வர்றதில்லையே."

ஆகவே அந்தச் சுவிட்சை வேரோடு பிடுங்கி எறி. என் முழுச் சம்மதம். செய்தி போகாததால் நாலு மடங்கு வரவில்லை, போயும் வந்தார்கள், காரணம் சித்தப்பா என்று உன் கூட்டத்தில் குரலை உயர்த்திப் படி. இதில் ஒரு எழுத்துக்கூட நான் சேர்க்கவில்லை, உன் சித்தியே சாட்சி. உன் மேலாளரை எனக்குத் தெரியும், அந்தக் கதையையும் ஒரு வசதியாகச் செயலியில் போடலாமா, முதலில் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று கட்டாயம் கேட்பார். கடையில் நாற்காலி இரண்டுதான், இரண்டிலும் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடு.